‘இராஜாம்பாள்’: ஒரு துப்பறியும் நாவலின் பதிப்புப் பயணம்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் தொடங்கி, ‘கமலாம்பாள்’, ‘பத்மாவதி’ என நடந்து, அடுத்த அடியை மணிக்கொடிக் காலத்தில் வைப்பதே வழக்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் விரும்பிப் படித்தவை எவை என்ற வினாவுக்கு அவ்வரலாறுகள் ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை. அப்பத்திக்குள் அடைபட்டுக் கிடப்பது ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’.

1908இல் வெளிவந்த இந்நாவல் தமிழின் முதல் துப்பறியும் கதையன்று. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894இலேயே வந்துவிட்டது. ஆயினும் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டு, இவ்வகை எழுத்துக்குப் பெருந்திரளான வாசகரைத் தேடித் தந்தது ‘இராஜாம்பாளே’. செல்வச் செருக்குள்ள முதியவர் ஒருவர் இளம்பெண்ணை மணக்கத் துடிக்கிறார். கருகிய பிணம் ஒன்று கிடைக்கிறது. கொலைப்பழி காதலன்மேல் விழுகிறது. துப்பறியும் கோவிந்தனுக்கு ஆங்கில ஹோம்ஸின் சாயல் இருக்கலாம். ஆனால் அவன் துலக்கிய குற்றமோ, வாசகர் தம் தெருவிலேயே கண்டு வாய்மூடியிருந்த பொருந்தா மணத்தினின்று முளைத்தது. இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளியவர்கள் கதையைக் கடைசிவரை படித்தார்களா என்பது ஐயமே.

அச்சோடு இதன் பயணம் நிற்கவில்லை. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை நாடகங்களாக்கினார், 1920களில் டி. கே. எஸ். சகோதரர்களின் குழு அவற்றை மேடையேற்றியது. எழுத்தறியாதவரும் கோவிந்தனை அறிந்தது கொட்டகையில்தான். 1935இலும் 1951இலும் ‘இராஜாம்பாள்’ திரைப்படமாயிற்று, பின்னதில்தான் ஆர். எஸ். மனோகர் திரைக்கு அறிமுகமானார்.

இத்தனை பேர் கைபட்ட நூலின் பழம் பிரதிகள் அரிதாயினமைக்கு அதன் புகழே காரணம் எனலாம். கை மாறிக் கை மாறித் தேயும் நூலைப் புலவர் எவரும் பேழையில் வைத்துப் போற்றுவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் உயர்ந்தது தாழ்ந்தது பாராது இத்தகைய நாவல்களையும் சேர்த்து வைத்தார். 1994இல் அத்தொகுப்பைக் கொண்டு சென்னையில் ஆய்வு நூலகம் உருவாயிற்று.

1980களில் ஓசூர்ப் பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கின. மூக்கண்டப்பள்ளி ஆலைகளுக்கு முறைப்பணிக்குச் சென்றோர் அவற்றை வாங்கிப் படித்து, அடுத்த இருக்கைக்காரரிடம் கொடுத்து இறங்கினர். மிஞ்சியவை பழைய காகிதக் கடையில் எடைக்குப் போயின.