சீழுமன்று, அழுகலுமன்று: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்றிரண்டு வாரங்களில் தையலோரம் சிவந்து, கொப்புளித்து, குழிப்புண்ணாக உடைகிறது. விளிம்பு ஊதா நிறம் கொள்கிறது. அதனடியில் புண் புரையோடுகிறது. காய்ச்சலும் உண்டு. வலியோ மிகக் கடுமை. கிருமித்தொற்று என்று கருதி, கெட்ட தசையை வெட்டியகற்றுகிறார்கள். வெட்டிய விளிம்பிலிருந்தே புண் மேலும் விரிகிறது.

பையோடெர்மா கேங்க்ரினோசம் என்பது இந்நோயின் பெயர். கிரேக்கத்தில் 'பூயோன்' சீழ், 'டெர்மா' தோல், 'கேங்க்ரைனா' அரித்துண்ணும் புண். உண்மையில் இது சீழ்த்தொற்றும் அன்று, தசையழுகலும் அன்று. படையெடுத்த கிருமி எதுவுமின்றியே நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் திரண்டு தோலைச் சிதைக்கின்றன. ஊசிக்குத்து போன்ற சிறு காயம்கூட அவற்றைத் தூண்டலாம்.

1924இல் பால்டிமோரின் தாமஸ் கல்லன், குடல்வால் சீழ்க்கட்டியை வடித்தபின் வயிற்றுத் தோலில் படர்ந்துகொண்டே சென்ற ஒரு புண்ணைப் பதிவு செய்தார். 1926இல் நியூயார்க்கின் புரூவரும் மெலெனியும் இத்தகையதொரு புண்ணுக்கு இரு பாக்டீரியாக்களின் கூட்டே காரணம் என்றனர். அகல வெட்டியெடுப்பதே தீர்வாயிற்று. அவ்வகைப் புண்களுள் பல பையோடெர்மாவாகவே இருந்திருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. 1930இல் மாயோ மருத்துவமனையின் புரூன்ஸ்டிங், கோக்கர்மன், ஓ'லியரி ஆகியோர் ஐந்து நோயாளிகளை ஆராய்ந்து, தொற்றே காரணம் என்ற நம்பிக்கையில் இப்பெயரைச் சூட்டினர். நம்பிக்கை வீழ்ந்தது, பெயர் நிலைத்துவிட்டது. 1916இல் பாரிஸின் லூயி புரோக் இட்ட 'வடிவியல் அரிபுண்' என்ற பெயர் புண்ணின் தோற்றத்தை மட்டுமே சொன்னது. அதுவே நிலைத்திருந்தால் கத்தி சற்றுத் தயங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

அறுவையாளரை எளிதில் குறைகூற இயலாது. அதே பத்தாண்டுகளில் தென் திருவிதாங்கூரில், எவரெஸ்ட் ஏறச் சென்ற ஹோவர்ட் சாமர்வெல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டிருந்தார். செங்கலுக்கும் நெய்யூருக்கும் இடையே 1956இன் மாநில எல்லை அன்று இல்லை, பெனிசிலினும் இல்லை. அறுத்த இடம் சீழ் பிடித்தால் உயிர் போகலாம். எல்லைப்புற மொழியிலும் அந்த அச்சத்தின் தடம் உண்டு: தமிழில் புண் 'பழுக்கிறது', மலையாளத்தில் சீழின் பெயரே 'பழுப்பு'. பழுத்ததைக் கீறிவிட வேண்டும் என்ற மருத்துவம் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

இன்றும் இந்நோயை உறுதிசெய்யும் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. 2018இல் வல்லுநர் குழு வகுத்த அளவுகோலில், புண்விளிம்பின் திசுவில் நியூட்ரோஃபில் திரட்சி காணப்படுவது முதன்மை நிபந்தனை. அதனுடன் எட்டுத் துணைக்குறிகளுள் நான்கேனும் பொருந்தவேண்டும். தொற்றின்மை, காயத்தைத் தொடர்ந்து புண் தோன்றுதல், குடலழற்சி அல்லது மூட்டழற்சி வரலாறு ஆகியவை அவற்றுட் சில. மார்பக அறுவைக்குப் பின் முலைக்காம்பு மட்டும் தப்பியிருப்பதும் பயனுள்ள தடயம்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பையோடெர்மா எனத் தவறாகக் கணிக்கப்பட்ட 95 நோயாளிகளை வீனிக் குழுவினர் 2002இல் ஆராய்ந்தனர். இரத்தக்குழாய் நோய், புற்றுநோய், தொற்று எனப் பலவும் அப்பெயரில் மறைந்திருந்தன. நம் நாட்டில் லேப்ராஸ்கோப்பித் துளைகளில் காசநோய் சாராத மைக்கோபாக்டீரியா புண்ணை உண்டாக்குவது அறியப்பட்டதே. அது வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையில் எளிதில் சிக்காது. அதைப் பையோடெர்மா என்றெண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்று பரவும். நாட்கணக்கில் விரிவது பையோடெர்மா. வாரங்கள் கடந்து மெல்லத் தலைகாட்டுவது பெரும்பாலும் மைக்கோபாக்டீரியா. எனவே கத்தியை மீண்டும் எடுக்குமுன், விளிம்புத் திசுவில் ஒரு பகுதி நோய்க்கூற்றியலுக்கும் மறுபகுதி பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபாக்டீரியா வளர்ப்புச் சோதனைகளுக்கும் செல்லவேண்டும்.