கடுகடுப்பும் கனிவும்: புனைவில் செய்தித்தாள் ஆசிரியர் என்னும் வகைமாதிரி

முன்னுரை

இலக்கியத்தில் சில பாத்திரங்கள் தனிமனிதராக அன்றித் தாம் ஆற்றும் பணியாலேயே அறியப்படுகின்றன. அகத்திணையில் தோழி, செவிலி, பாங்கன் முதலியோர்க்கு இயற்பெயர் இல்லை. நிகழ்வில் அவர்க்குரிய பங்கே அவர்தம் அடையாளமாகும். தற்காலப் புனைவிலும் இத்தகைய வகைமாதிரிப் பாத்திரங்கள் உண்டு. ஆங்கிலப் புனைகதையும் அமெரிக்கத் திரைப்படமும் உலகெங்கும் பரப்பிய கடுகடுத்த செய்தித்தாள் ஆசிரியர் அவற்றுள் ஒருவர். சுருட்டைக் கடித்தபடி அறை அதிரக் கத்துவார். இளம் செய்தியாளர் எழுதிவந்ததை ஒதுக்கித் தள்ளுவார். வேலையிலிருந்து நீக்கிவிடுவதாக அச்சுறுத்துவார். இக்கட்டு நேரும்போது அதே செய்தியாளருக்காக உரிமையாளரை எதிர்த்து நிற்பார். இவற்றைத் தனிமனித இயல்புகளாகக் கொள்வதே பொதுவழக்கு. ஆயின் இப்பாத்திரத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, கடுகடுப்பு என்பது செய்தித்தாள் தொழிலின் அமைப்பிலிருந்து பிறந்தது என்பதும், அதனுள் மறைந்திருப்பதாகக் கூறப்படும் கனிவு ஐயத்திற்குரியது என்பதும் புலனாகின்றன. இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எதிரியிடம் சினந்த ஆசிரியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புனைவில் ஆசிரியரின் சினம் தம் ஊழியரை நோக்கியதன்று. சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ (1836–37) நாவலில் ஈட்டன்ஸ்வில் என்னும் ஊரில் இரு கட்சிகளுக்கு இரு செய்தித்தாள்கள் உள்ளன. அவற்றின் ஆசிரியர்களான பாட், ஸ்லர்க் ஆகிய இருவரும் எழுத்தில் தொடங்கிய பகையைக் கைகலப்பில் முடிக்கின்றனர். இவர்கள் கருத்துரைப்போர்; செய்தியாளர் படையை நடத்துவோர் அல்லர்.

மார்க் ட்வெய்ன் 1869இல் டென்னசிப் பத்திரிகைத் தொழில் பற்றி எழுதிய நகைச்சுவைக் கதை ஓர் இடைநிலையைக் காட்டுகிறது. அதில் தலைமை ஆசிரியர், புதிதாகச் சேர்ந்த துணையாசிரியர் எழுதியதை வெட்டித் திருத்தி வசைமொழியாக மாற்றுகிறார். திருத்தும் கை இங்குத் தோன்றிவிட்டது. ஆயினும் துப்பாக்கிச் சண்டை போட்டி இதழாசிரியருடனேயே நிகழ்கிறது.

தொழிலமைப்பின் மாற்றம்

1833இல் நியூயார்க் நகரில் ‘சன்’ இதழ் ஒரு சென்ட் விலையில் வெளிவந்தது. கட்சி ஆதரவை நம்பிய இதழ்களுக்கு மாறாக, மிகுதியான விற்பனையையும் விளம்பரத்தையும் நம்பிய இதழ்கள் அதன்பின் பெருகின. 1886இல் ‘நியூயார்க் டிரிபியூன்’ இதழில் லைனோடைப் எந்திரம் பயன்பாட்டுக்கு வந்தபின் எழுத்துக்கோப்பு விரைவுற்றது. தொலைபேசி, செய்தி நிகழும் இடத்தையும் அச்சகத்தையும் இணைத்தது. ஒரே நாளில் பல பதிப்புகள் வெளியிடுவது மாலை இதழ்களின் வழக்கமாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவாக நகரச் செய்தி ஆசிரியர் என்னும் பதவி முதன்மை பெற்றது. இவர் பெரும்பாலும் எழுதுவதில்லை, பிறரை எழுதவைப்பவர். ஒருபுறம் உரிமையாளர், மறுபுறம் கடிகாரம், எதிரே செய்தியாளர் என மூன்று நெருக்கடிகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவர். உரிமையாளரிடமும் கடிகாரத்திடமும் சினம் செல்லாது. எஞ்சியவர் செய்தியாளரே. முன்பு எதிரியை நோக்கிய சினம் ஊழியரை நோக்கித் திரும்பியதன் காரணம் இதுவே.

ஆர்தர் கோனன் டாயிலின் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ (1912) நாவலில் வரும் மெக்கார்டில் இப்புதிய வகையினர். ‘டெய்லி கெசட்’ இதழின் செய்தி ஆசிரியரான அவர் சிடுசிடுத்த முதியவர். எனினும் செய்தியாளர் மலோனிடம் பரிவுடையவர். பணி கொடுத்துக் கதையை நகர்த்துவதே அவர் பங்கு. கோனன் டாயில் மருத்துவராகத் தொழில் தொடங்கிப் புனைகதையாளர் ஆனவர். செய்தியறையில் ஊழியராக இருந்து ஏச்சுக் கேட்டவரல்லர். பலாவின் முள்தோலுக்குள் சுளை உண்டு என்னும் இப்பார்வை வெளியிலிருந்து நோக்கியவரின் பார்வை என்பது கருதத்தக்கது.

உள்ளிருந்தோர் கண்ட ஆசிரியர்

உள்ளிருந்தோர் அறிந்தது வேறு. நியூயார்க் ‘ஈவினிங் வேர்ல்ட்’ இதழின் நகரச் செய்தி ஆசிரியர் சார்லஸ் சேப்பின், தம் பணிக்காலத்தில் 108 பேரை வேலைநீக்கம் செய்ததாகக் கூறப்படுகிறது. 1918இல் தம் மனைவியைச் சுட்டுக்கொன்று சிறைசென்ற அவர், சிங் சிங் சிறையிலேயே 1930இல் இறந்தார். அவருடைய கொலைக்குற்றம் பெரிதும் எழுதப்பட்டது. அவர் நீக்கிய ஊழியரின் நிலை பற்றிய எழுத்தோ மிகக் குறைவு.

சிகாகோ செய்தியாளர்களாக இருந்த பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதிய ‘தி ஃப்ரண்ட் பேஜ்’ நாடகம் 1928இல் நியூயார்க்கில் அரங்கேறியது. இதில் வரும் ஆசிரியர் வால்டர் பர்ன்ஸ், சிகாகோவின் வால்டர் ஹோவி என்னும் ஆசிரியரை மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவர். திருமணம் செய்துகொண்டு தொழிலைவிட்டு விலக முயலும் ஹில்டி ஜான்சன் என்னும் செய்தியாளரை எவ்வாறேனும் தடுப்பதே அவர் நோக்கம். நாடகத்தின் பெரும்பகுதியில் பர்ன்ஸ் மேடைக்கு வருவதில்லை, தொலைபேசிவழியே ஆணையிடுகிறார். இறுதியில் மனம் இளகியவராகத் தம் கடியாரத்தை ஹில்டிக்குப் பரிசளித்து வாழ்த்தி அனுப்புகிறார். ஹில்டி புறப்பட்டதும், கடியாரத்தைத் திருடிச் சென்றதாகக் கூறி அவரைக் கைதுசெய்து மீட்டுவர ஏற்பாடு செய்கிறார்.

இம்முடிவு ஆழ்ந்த கவனத்திற்குரியது. கடுகடுப்பினுள் கனிவு உண்டு என்று அவையோர் நம்பத் தொடங்கும் கணத்திலேயே, அக்கனிவும் பணியாளரைப் பிணிக்கும் கயிறே என நாடகம் காட்டிவிடுகிறது. இவ்வகைமாதிரிக்கு மிகப் பெரும் புகழ் தந்த படைப்பே அதன்மீது கடுமையான திறனாய்வாகவும் அமைந்துள்ளது.

அடிக்கிற கையும் அணைக்கும் கையும்

பின்வந்தோர் இத்திறனாய்வை விடுத்து, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940) திரைப்படத்தில் ஹில்டி பெண்ணாகிறார். ஆசிரியர் அவருடைய முன்னாள் கணவர். நாடகத்தில் சூழ்ச்சியாக இருந்தது இங்குக் காதலாகி, மறுமணத்தை நோக்கி முடிகிறது. அதே ஆண்டில் சூப்பர்மேன் கதைகளில் தோன்றிய ‘டெய்லி பிளானட்’ ஆசிரியர் பெர்ரி ஒயிட், சிறுவரும் விரும்பும் தந்தையுருவானார். ‘டெட்லைன் யு.எஸ்.ஏ.’ (1952) திரைப்படத்தின் ஆசிரியர், இதழை விற்க முனையும் உரிமையாளர் குடும்பத்தை எதிர்த்துப் போராடுகிறார். 1970 முதல் 1977 வரை தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் தோன்றிய லூ கிராண்ட், 1977 முதல் 1982 வரை தம் பெயரிலேயே அமைந்த தொடரில் நகரச் செய்தி ஆசிரியராகி, உரிமையாளருக்கும் செய்தியாளருக்கும் நடுவே நிற்கிறார்.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பது தமிழ்ப் பழமொழி. குடும்பத்திற்குரிய இந்நீதியை இப்புனைவுகள் பணியிடத்திற்கு மாற்றின. குடும்பத்தில் பிள்ளைக்கு ஊதியம் இல்லை, பணிநீக்கமும் இல்லை. செய்தியறையில் இரண்டும் உண்டு. அமெரிக்கச் செய்தியாளர்கள் 1933இல் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தனர். ஆசிரியரின் உள்ளத்தில் கனிவு உண்டு என்னும் நம்பிக்கை போதுமானதாக இருந்திருப்பின் சங்கத்திற்குத் தேவை எழுந்திராது. புனைவில் ஆசிரியரின் நல்லெண்ணம் தீர்த்துவைத்த சிக்கலுக்கு நடப்பில் ஒப்பந்தம் வேண்டியிருந்தது.

வகைமாதிரியின் சிதைவு

1963இல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகியோர் படைத்த ஜே. ஜோனா ஜேம்சன் இக்கனிவைப் பெரிதும் நீக்கிய ஆசிரியர். ‘டெய்லி பியூகிள்’ இதழின் வெளியீட்டாளராகவும் அவரே இருப்பதால், உரிமையாளரிடமிருந்து ஊழியரைக் காக்கும் பங்கு அவருக்கு இல்லாமற்போகிறது. நிலையான பணியின்றிப் படத்துக்குப் பணம் பெறும் பீட்டர் பார்க்கரிடம் பேரம் பேசுவதே எஞ்சுகிறது.

மறுதலைச் சான்று இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. ஆர்.கே. நாராயணின் ‘மிஸ்டர் சம்பத்’ (1949) நாவலில் சீனிவாசன் மால்குடியில் ‘தி பேனர்’ என்னும் வார இதழை நடத்துகிறார். அச்சகத்தாரான சம்பத்தை நம்பியே அவருடைய இதழ் வெளிவருகிறது. ஏவுவதற்குச் செய்தியாளர் படை இல்லாத அவரிடம் உறுமலும் இல்லை. தம் எண்ணங்களில் ஆழ்ந்த மென்மையரான அவர், பிறர் செயலால் அலைக்கழிக்கப்படுபவராகவே இருக்கிறார்.

அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு இதனை மேலும் தெளிவாக்குகின்றன. ‘பாஸ்டன் குளோப்’ இதழின் புலனாய்வைக் கூறும் ‘ஸ்பாட்லைட்’ (2015) திரைப்படத்தில் ஆசிரியர் மார்ட்டி பேரன் குரல் உயர்த்துவதில்லை; கேள்வி கேட்டு, காலம் கொடுத்து, காத்திருக்கிறார். மறுபுறம், ‘ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்’ (2019) திரைப்படத்தின் இறுதியில் ஜேம்சன் மீண்டும் தோன்றும்போது அவர் முன் செய்தியாளர் இல்லை, ஒளிப்படக்கருவியே உள்ளது. இணையக் காணொளியில் அவர் பொதுமக்களை நோக்கிக் கத்துகிறார். திருத்துவதற்கு ஒருவர் எழுதிய தாள் இல்லாதபோது சினம் மட்டும் தனித்து எஞ்சுகிறது.

முடிவுரை

கடுகடுத்த ஆசிரியர் என்னும் வகைமாதிரி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத் தொழிலமைப்பின் விளைவு. ஊழியர் அமைப்பு இல்லாதவிடத்து அது தோன்றவில்லை. அவ்வமைப்பு மாறியபோது அதுவும் மாறியது. அதன் கனிவை வெளியிலிருந்து கண்டோர் உண்மை என்றனர். உள்ளிருந்து கண்ட ஹெக்ட், மெக்ஆர்தர் ஆகியோர் அதனைக் கண்ணி என்றனர். மக்கள் புனைவு பெரும்பாலும் முன்னவர் பக்கமே சாய்ந்தது. ஆதலின் இத்தகைய பாத்திரங்களை ஆராயுங்கால், அவர் எவ்வாறு பேசுகிறார் என்பதோடு அமையாது, அவர் யாரை நோக்கிப் பேசுகிறார், கேட்பவர் எதிர்த்துப் பேசினால் எதனை இழப்பார் என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். பணியிடத்தைக் குடும்பமாகக் காட்டும் எப்புனைவுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.