சிற்றுருவில் வரலாறு



2013-ம் ஆண்டிலே, நான் அதிபராயிருந்த பாடசாலையிற் கண்காட்சியொன்று நடைபெற்றது. பத்தாம் வகுப்பு மாணவனொருவன் தன் ஊர்ச் சந்தியை ஒரு பலகையின்மீது சிற்றுருவாக அமைத்துக் கொண்டுவந்தான். தடித்த மட்டையாற் செய்த சிவப்புப் பஸ்வண்டி, பழஞ்செருப்பின் இறப்பரிலே வெட்டிய அதன் சில்லுகள், ஈர்க்கும் பச்சைத்தாளும் கொண்டு செய்த பனைகள், மரத்தூளுக்குச் சாயமேற்றிப் பரப்பிய புல்தரை ஆகிய யாவும் அதில் இருந்தன. தச்சுத் தொழில் செய்யும் தந்தையின் அளவுநாடாவை எடுத்துச் சென்று சந்தி முழுவதையும் அளந்ததாகக் கூறினான். ஓரடிக்குக் கால் அங்குலம் என்பது அவன் கொண்ட அளவுத்திட்டம். முப்பதடி நீளமான பஸ்வண்டி ஏழரை அங்குலமாய் நின்றது.

சந்தியின் ஒரு மூலையிற் கூரையும் முன்சுவருமில்லாத வீடொன்றையும் அவன் வைத்திருந்தான். பிரதம விருந்தினர் வந்து பார்க்கும் இடத்தில் இஃது எதற்கென்று எனக்குத் தோன்றியது. “தம்பி, அந்த வீட்டை எடுத்துப்போட்டு ஒரு பூமரம் வையும்” என்றேன். “சேர், அது அங்கை நிக்குதே” என்றான் அவன். நான் மறுமொழி கூறாது நின்றேன். அவன் வீட்டை எடுத்துவிட்டுப் பூமரம் வைத்தான்.

இச்சிறு நிகழ்ச்சி பன்னாள் என் நெஞ்சை விட்டகலவில்லை. மாதிரியுரு அமைக்கும் கலையின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியதும் அதுவே. அவ்வாறு படித்தவற்றுட் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வண்டிகளையும் நிலக்காட்சிகளையும் அளவுத்திட்டத்துக்கு அமையச் சிறியனவாகச் செய்யும் வேலை இன்று உலகெங்கும் பலர்க்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காய் விளங்குகின்றது. ஆனால் அதன் முன்னோடிகளோ விளையாட்டாகத் தோன்றியவையல்ல. பிரான்சு நாட்டிலே பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1668-ம் ஆண்டில், லூவுவா என்னும் அமைச்சரின் ஆலோசனைப்படி, எல்லைப்புறக் கோட்டை நகரங்களின் மாதிரியுருக்களை அமைக்கும் பணி தொடங்கியது. உண்மை நீளத்தின் 600-ல் ஒரு பங்கு என்பது அவற்றின் அளவு. வீடுகள், தேவாலயங்கள், மதில்கள், சுற்றியுள்ள வயல்கள் ஆகியவற்றை மரத்தாலும் கடதாசியாலும் பட்டு நூலாலும் செய்தனர். போர்த்திட்டம் வகுப்போர் அம்மாதிரியுருக்களைச் சுற்றி நின்று, முற்றுகையிடும் படை எவ்வழியால் வரும், எம்மேட்டிலிருந்து சுடும் என ஆராய்வர். எனவே அவை அரசாங்க இரகசியங்களாகப் பாதுகாக்கப்பட்டன. 1815-ல் நெப்போலியன் வீழ்ச்சியுற்றபோது பாரிசுக்குட் புகுந்த பிரசியப் படையினர் அவற்றுட் சிலவற்றைப் பேர்லினுக்குக் கொண்டு சென்றனர் என்பதிலிருந்தே அவற்றின் மதிப்பை உணரலாம். எஞ்சியவற்றுட் பலவற்றைப் பாரிசிலுள்ள இன்வலீட் மாளிகையில் இன்றும் காணலாம்.

இத்தகைய நிலக்காட்சிகளுக்கு இன்று வழங்கும் ‘டயோராமா’ என்னும் பெயரோ வேறிடத்திற் பிறந்தது. ‘ஊடுருவிய காட்சி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அப்பெயரை அமைத்தவர்கள், பாரிசிலே 1822-ல் ஒரு காட்சிமண்டபத்தைத் திறந்த டகேர், பூட்டோன் என்னும் இருவராவர். ஒளி புகத்தக்க பெருந்திரையின் இருபுறமும் ஓவியந் தீட்டி, முன்னும் பின்னும் ஒளியை மாற்றி, பகல் இரவாவதையும் வெயில் மழையாவதையும் மக்கட்குக் காட்டினர். பின்னாளிற் புகைப்படக் கலையின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்பட்ட டகேர் இவரே. அம்மண்டபம் 1839-ல் எரிந்தழிந்தது. பெயர் மாத்திரம் எஞ்சிப் பின்னர் முப்பரிமாணச் சிற்றுருக் காட்சிகளுக்கு வழங்கலாயிற்று.

இக்கலையின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் வில்லியம் சைபோர்ண் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1815-ம் ஆண்டு யூன் 18-ம் திகதி நிகழ்ந்த வாட்டர்லூப் போரின் மாதிரியுருவை அமைக்கும்படி 1830-ல் அவருக்குப் பணிக்கப்பட்டது. அவரோ அப்போரிற் கலந்துகொள்ளாதவர். ஆதலால், அறியாததைக் கேட்டும் அளந்தும் அறிய வேண்டியவரானார். போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் என்னும் பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். அதற்குள்ளேயே அந்நிலம் மாறியிருந்தது. சிங்க உருவம் தாங்கிய நினைவு மேடொன்றை எழுப்புவதற்காக, படைகள் நின்ற மேட்டுநிலத்தின் மண்ணையே வெட்டியெடுத்திருந்தனர்.

நிலத்தின் நிலை இதுவாயின், மனிதரின் நினைவு எத்தகையதாயிருக்கும்? போரிலே பங்குபற்றிய பிரித்தானிய அதிகாரிகளுக்குச் சைபோர்ண் கடிதங்கள் அனுப்பினார். மாலை ஏழு மணியளவில், நெப்போலியனின் காவற்படை இறுதியாகத் தாக்கிய வேளையில், உங்கள் படைப்பிரிவு எவ்விடத்தில் நின்றது, எவ்வொழுங்கில் நின்றது, எதிரே நின்றவர் யாவர், அயலிலே என்ன பயிர் விளைந்திருந்தது என்றெல்லாம் வினவினார். நூற்றுக்கணக்கான விடைகள் வந்தன. ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அவற்றுட் பல. நூலெழுதுபவனாயின் ‘ஏறத்தாழ இவ்விடத்தில்’ என்றெழுதித் தப்பிக்கொள்ளலாம். மாதிரியுரு அமைப்பவனுக்கு அவ்வசதி இல்லை. ஒவ்வோர் உருவத்தையும் ஓரிடத்தில் ஒட்டியே ஆகவேண்டும்.

1833-ல் அரசாங்கம் பணவுதவியை நிறுத்திவிட்டது. சைபோர்ண் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த, நெல்மணியளவினரான 70,000-க்கு மேற்பட்ட படைவீரர் அம்மாதிரியுருவில் இடம்பெற்றனர். 1838-ல் இலண்டன் எகிப்திய மண்டபத்திலே ஒரு சிலிங் கட்டணத்துக்கு அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் வந்து பார்த்தனர். அவ்வாறிருந்தும் அவர் பட்ட கடன் தீரவில்லை.

இதனினும் பெரிய இடையூறொன்றும் நேர்ந்தது. பிரித்தானியருக்குத் துணையாக வந்த பிரசியப் படை, அவ்வேழு மணி வேளையிற் களத்தினுள் வெகுதூரம் முன்னேறி நிற்பதாகச் சைபோர்ண் காட்டியிருந்தார். இவ்வாறு காட்டினால் வெற்றியின் பெரும்பங்கு பிரசியருக்கு உரியதென்றாகுமே என, வெற்றித் தளபதியான வெலிங்டன் கோமகனும் அவரைச் சார்ந்தோரும் கருதினர். இவ்விடயத்தில் வெலிங்டன் எத்துணைத் தூரம் நேரே தலையிட்டார் என்பது குறித்து வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்துவேற்றுமை உண்டு. ஆயினும் முடிவு தெளிவானது. சைபோர்ண் பெருந்தொகையான பிரசிய உருவங்களை மேடையிலிருந்து அகற்றினார். உண்மைப் போரிலே அந்நாளில் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் பிரசியர் இழந்தவர் ஏறத்தாழ 7,000 பேர். சிற்றுருவில் அவர்தம் தோழர்கள் இருந்த இடம் வெறும் புல்தரையாயிற்று.

1849-ல் சைபோர்ண் காலமானார். அவருடைய மாதிரியுரு இன்று இலண்டனிலுள்ள தேசிய இராணுவ அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. பிரசியரை மேடையினின்று அகற்றிய அவர், 1844-ல் வெளியிட்ட தமது போர்வரலாற்று நூலில் அவர்தம் பங்கை விரிவாகவே எழுதியிருந்தார். அவர் திரட்டிய கடிதங்களுள் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891-ல் நூலாக்கினார். வாட்டர்லூவைப் பற்றி ஆராய்வோர்க்கு அக்கடிதங்கள் இன்றும் பெரும் சான்றுகளாய் உள்ளன. ஒரு சிற்றுருவைப் பிழையின்றி அமைக்கவேண்டும் என்ற ஆவல் பிறந்திராவிடின், அவ்வளவு மனிதரின் நினைவுகள் எழுத்திலேறாமலே மறைந்திருக்கும்.

அரசருக்கும் படைத்தலைவருக்கும் உரியதாயிருந்த இக்கலை பொதுமக்களின் வீடுகளுக்குள் நுழைந்தது இருபதாம் நூற்றாண்டிலேயே எனலாம். 1936-ல் இங்கிலாந்திலே ‘புரொக் பென்குவின்’ என்னும் பெயருடன், துண்டு துண்டாகப் பிரித்துப் பெட்டியிலிட்ட பிளாஸ்டிக் விமான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அளவு 72-ல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஓரங்குலமாவான் என்று கணக்கிட்டால் அவ்வளவின் எளிமை விளங்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-ல், நட்பு விமானத்தையும் பகை விமானத்தையும் வேறுபிரித்தறியப் பயிற்றுவதற்காக, இதே அளவில் ஐந்து இலட்சம் மாதிரிகளைச் செய்துதரும்படி அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவரைக் கேட்டுக்கொண்டது. போரின் பின்னர், 1949-ல், எயார்பிக்ஸ் என்னும் பிரித்தானிய நிறுவனம் ஓர் உழவு இயந்திரத்தின் மாதிரியை விற்பனை முகவர்களின் விளம்பரத்துக்கெனச் செய்தது. 1952-ல் அதே நிறுவனம் ‘கோல்டன் ஹைன்ட்’ என்னும் பாய்க்கப்பலின் மாதிரியை இரண்டு சிலிங்குக்கு விற்றபோது, தொழிலாளி வீட்டுச் சிறுவனும் இக்கலையிற் பங்குகொள்ள முடிந்தது.

யப்பானில் சிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனத்தின் கதை சுவையானது. 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1960-களின் தொடக்கத்திலே ‘பாந்தர்’ என்னும் யேர்மன் யுத்தத் தாங்கியின் மாதிரியை வெளியிட்டது. அதனுள்ளே சிறிய மின்மோட்டாரும் மின்கலங்களும் இருந்தன. அது பெருவெற்றி பெற்றபின், ஏனைய நாட்டுத் தாங்கிகளையும் அதே அளவிற் செய்ய எண்ணி அளந்து பார்த்தபோது, அது உண்மைத் தாங்கியின் 35-ல் ஒரு பங்காய் இருக்கக் கண்டனர். மின்கலங்கள் உள்ளே அடங்கவேண்டுமென்பதற்காக அமைந்த அளவு அது! உலகெங்கும் இராணுவ வண்டி மாதிரிகளுக்கு அதுவே நிலையான அளவுகளுள் ஒன்றாயிற்று. பின்னாளில், போர்சே மோட்டார் வண்டியின் மாதிரியைச் செய்வதற்காக அந்நிறுவனத்தார் உண்மை வண்டியொன்றையே விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தனர். அம்மாதிரி 1976-ல் வெளியாயிற்று.

தனி வண்டியை மண்ணும் மரமும் மனிதரும் சூழ்ந்த காட்சியாக அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியோருள் அமெரிக்கரான செப்பேர்ட் பெயின் முதன்மையானவர். 1970-களில் மொனோகிராம் நிறுவனத்தின் மாதிரிப் பெட்டிகளுள் அவருடைய காட்சிகளின் படங்களும் செய்முறை விளக்கங்களும் அடங்கிய தாள் வைக்கப்பட்டது. அதைப் பார்த்த இளைஞர் பலர் சுண்ணச்சாந்திலே சேற்றுப்பாதை அமைக்கவும், கம்பியை முறுக்கி மரஞ்செய்யவும், வண்டியின் ஓரங்களிற் கறையும் துருவும் ஏற்றவும் கற்றனர்.

இத்தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. உண்மை வண்டிக்குப் பூசிய அதே வர்ணத்தைச் சிறிய மாதிரிக்குப் பூசினால் அது மிகக் கருமையாகத் தோன்றும். தூரத்துப் பொருளின் நிறம் காற்றினால் வெளிறித் தோன்றுவதைக் கருதி, வர்ணத்திற் சிறிது வெண்மை கலக்கவேண்டும். ஆகவே மாதிரியுரு அமைப்பவன் உள்ளதை மாற்றவே செய்கிறான். ஆனால் அம்மாற்றம், பார்ப்பவனின் கண்ணுக்கு உண்மையை உண்மையாகத் தோன்றச் செய்வதற்கானது. பிரசியரை அகற்றிய மாற்றமோ, இருந்ததை இல்லையென்று காட்டுவதற்கானது. இவ்விரண்டினையும் பிரித்தறிவதே இக்கலையின் அறம் என்று நான் கருதுகிறேன். வரலாற்றெழுத்தின் அறமும் அதுவேயன்றோ?

மாணவனின் கதைக்குத் திரும்புகிறேன். அவன் பரிசு பெற்றான். பின்னர் பாடசாலையை விட்டுச் சென்றான். பலகையை அவன் எடுத்துச் செல்லவில்லை. அஃது என்னிடமே இருக்கிறது. சில ஆண்டுகளின் பின் அச்சந்தியாற் செல்ல நேர்ந்தபோது பஸ்வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தேன். அவ்வீடு நின்ற இடத்திற் புதிய கடையொன்று எழும்பியிருந்தது. கடை எழும்பியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அங்கே முன்னர் என்ன நின்றதென்று கடையிலிருந்த இளைஞனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவ்வீட்டைச் சுவர் சுவராக அளந்து வைத்திருந்த ஒரேயொரு சாட்சியை, பிரதம விருந்தினரின் கண்ணுக்கு அழகாயிருக்கவேண்டுமென்று அகற்றச் செய்தவன் நான்.

வீடுதிரும்பிப் பலகையை எடுத்துப் பூமரத்தை மெல்லப் பிடுங்கினேன். அதன் கீழே, அவன் வீட்டை ஒட்டியிருந்த பசையின் தடம், நாற்கோணமாக, ஓரடிக்குக் கால் அங்குலமென்ற அளவிற் பிசகாமல் இருந்தது. அளவுநாடாவால் அதை அளந்து, நீளத்தையும் அகலத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பெற்றோரே, ஆசிரியரே! உங்கள் பிள்ளைகள் மட்டையும் பசையும் கொண்டு வீதியையும் வண்டியையும் வீட்டையும் அமைக்கும்போது, வேண்டிய பொருளை வாங்கிக் கொடுங்கள், அளக்கக் கற்றுக்கொடுங்கள். எதை எடுக்கவேண்டுமென்று மாத்திரம் சொல்லாதீர்கள்.