வெற்றியாளரின் பெயரில்லாத ஒரு பருவகாலம்

நோர்வே என்றதும் எமது வாசகர்களில் பெரும்பாலானோருக்கு 2002 பெப்ரவரியில் கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையும், கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஓயாது பயணம் செய்த அனுசரணையாளர்களின் முகங்களுமே நினைவுக்கு வரும். அந்த நாட்டின் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு இவருக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கவும் கூடும். விளையாட்டு வீரர்கள் விளையாட மறுத்த ஒரு வரலாறு அங்கே இருக்கிறது. அதையே இன்று எழுதுகிறேன்.

பத்திரிகைத் துறையில் எனது ஆரம்ப காலத்தில் சில வருடங்கள் விளையாட்டுப் பக்கத்தை ஒப்புநோக்கும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. புள்ளி அட்டவணைகளிலும் வெற்றியாளர் பட்டியல்களிலும் ஓரிடம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் அது அச்சுக்கோப்பவரின் கவனயீனம் என்றே கருதி, சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். அந்தப் பழக்கம் இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. நோர்வேயின் லீக் வெற்றியாளர்களின் பட்டியலைப் பார்க்க நேர்ந்தபோதும் எனது கண் வெற்றிடத்திலேயே போய் நின்றது. 1937-38 பருவகாலத்தில் பிரெட்ரிக்ஸ்ராட். 1938-39 இலும் பிரெட்ரிக்ஸ்ராட். அதற்கடுத்த பெயர் 1947-48 இல் வென்ற பிரெய்டிக் கழகத்தினுடையது. இடையில் எட்டுப் பருவகாலங்களுக்கு வெற்றியாளர் எவருமில்லை.

அந்த எட்டில் முதலாவது, 1939-40 பருவகாலம். நோர்வேயின் உதைபந்தாட்டச் சங்கம் 1902 இல் தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே கிண்ணத்துக்கான சுற்றுப்போட்டியும் ஆரம்பமாகிவிட்டது. கிண்ணத்தை வெல்பவர்களையே 'நோர்வேயின் சம்பியன்' என்று அழைப்பதும், மன்னரின் பெயரால் அவர்களுக்குக் கிண்ணம் வழங்கப்படுவதும் அங்கு மரபு. நாடு தழுவிய லீக் போட்டியோ 1937 இல்தான் தொடங்கியது. மலைகளாலும் கடல்நீர் புகுந்த பள்ளத்தாக்குகளாலும் துண்டாடப்பட்ட நீண்டதொரு தேசத்தில், கழகங்கள் பிராந்தியக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுநிலையில் முதலிடம் பெற்றவர்கள் பின்னர் ஒருவரையொருவர் எதிர்கொண்டனர். இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து, பனிக்காலத்தில் ஓய்ந்து, வசந்தத்தில் மீண்டும் தொடர்வது அதன் ஒழுங்கு. முதல் இரண்டு பருவகாலங்களிலும் வென்ற பிரெட்ரிக்ஸ்ராட், குளொம்மா ஆற்றின் முகத்துவாரத்தில் மரம் அரியும் ஆலைகளால் வளர்ந்த ஒரு நகரத்தின் கழகமாகும்.

1939 இலையுதிர் காலத்தில் தொடங்கிய மூன்றாவது பருவகாலம், பனி கரைந்ததும் தொடரவிருந்தது. 1940 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜேர்மன் படைகள் நோர்வேயின் துறைமுகங்களில் இறங்கின. மன்னர் ஹாக்கோனும் அரசாங்கமும் தலைநகரிலிருந்து வெளியேறினர். அன்று மாலையே விட்குன் குவிஸ்லிங் வானொலியில் தோன்றித் தன்னைத்தானே அரசாங்கத் தலைவராகப் பிரகடனம் செய்தார். எமக்கு எட்டப்பன் எப்படியோ, அப்படியே அந்தப் பெயர் பின்னர் ஆங்கில மொழியில் துரோகத்தைக் குறிக்கும் சொல்லாகிப் போனது. இரண்டு மாதப் போருக்குப் பின்னர் ஜூன் மாதத்தில் மன்னர் பிரிட்டனுக்குச் சென்றார்; நாடு முழுவதும் ஆக்கிரமிப்பின் கீழ் வந்தது. லீக் போட்டி பாதியிலேயே கைவிடப்பட்டது.

இங்கே வாசகர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். படைகள் வந்திறங்கிய மறுகணமே நோர்வேயின் விளையாட்டு வீரர்கள் போர்க்கொடி தூக்கிவிடவில்லை. லீக் நின்றுபோனாலும் 1940 கோடையில் மைதானங்களில் பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது. கிண்ணத்துக்கான சுற்றுப்போட்டியும் நடைபெற்றது. ஒக்டோபர் 20 ஆம் திகதி ஒஸ்லோவின் உல்லெவோல் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் பிரெட்ரிக்ஸ்ராட் கழகம் ஷெய்ட் கழகத்தை 3-0 என்ற கணக்கில் வென்றது. தோல்வியடைந்த தேசமொன்று வழமையான வாழ்க்கையின் ஏதாவதொரு துண்டைப் பற்றிக்கொள்ள முனைவது இயல்பே. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. யுத்த காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, ஷெல் ஓய்ந்த மாலையில் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவதன் அர்த்தம் புரியும்.

அப்படியானால் அவர்கள் எப்போது, எதற்காக நிறுத்தினார்கள்?

1940 செப்டெம்பர் 25 ஆம் திகதி, ஹிட்லரால் நியமிக்கப்பட்ட ஆணையாளர் ஜோசப் டெர்போவன் குவிஸ்லிங்கின் கட்சியைத் தவிர்ந்த ஏனைய அரசியல் கட்சிகளைத் தடைசெய்தார். அன்று நியமிக்கப்பட்ட புதிய நிருவாகத்தில், தொழிற்சேவைக்கும் விளையாட்டுக்குமென ஒரு திணைக்களம் உருவாக்கப்பட்டு அக்சல் ஸ்டாங் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் 22 ஆம் திகதி விளையாட்டுச் சங்கங்கள் அனைத்தையும் ஒரே அமைப்பாக்கும் கட்டளை வெளியானது. உறுப்பினர்களால் தெரிவுசெய்யப்பட்ட தலைவர்களின் இடத்தில், மேலிருந்து நியமிக்கப்படுபவர்கள் அமர்வார்கள் என்பதே அதன் சாராம்சம். கழகங்களின் பொதுக்கூட்டங்களில் கை உயர்த்தித் தலைவரைத் தெரிவுசெய்யும் உரிமை அத்துடன் இல்லாமற்போனது.

அந்த இடத்தில்தான் அவர்கள் நின்றார்கள். சங்கங்களின் தலைவர்கள் பதவிகளிலிருந்து விலகினர். கழகங்கள் போட்டிகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. வீரர்கள் வீட்டிலிருந்தார்கள், பார்வையாளர்களும் வரவில்லை. 'விளையாட்டு வேலைநிறுத்தம்' என்று நோர்வேயின் வரலாற்றில் பெயர்பெற்ற அந்தப் பகிஷ்கரிப்பு, 1945 மே 8 ஆம் திகதி விடுதலை கிடைக்கும்வரை நீடித்தது. ஆக்கிரமிப்புக்கு எதிரான வெகுஜன மறுப்புகளில் மிகவும் முற்பட்டவற்றுள் இது ஒன்று. ஆசிரியர்கள் நாஜிச் சங்கத்தில் சேர மறுத்ததும், அவர்களில் ஏறத்தாழ 1,100 பேர் கைதுசெய்யப்பட்டதும் 1942 வசந்தத்தில்தான் நடந்தன. விளையாட்டு வீரர்கள் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முந்திக்கொண்டார்கள்.

இன்னொரு விடயமும் குறிப்பிடத்தக்கது. 1924 இலிருந்து நோர்வேயின் விளையாட்டுத்துறை இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்தவர்கள் தமக்கெனத் தனியான சம்மேளனம் அமைத்துத் தனியாகவே போட்டிகளை நடத்தினர். 1936 பேர்லின் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்று தொழிலாளர் சம்மேளனம் குரல்கொடுத்தபோது, மறுதரப்பினர் பேர்லினுக்குப் போனார்கள். ஆக்கிரமிப்பு வந்த ஆண்டிலேயே இரு தரப்பினரும் ஒன்றிணைவதற்கு இணங்கினர். கட்டளை மூலம் ஒற்றுமையைத் திணிக்க வந்தவர்களுக்கு எதிராக, பதினாறு ஆண்டுகள் பிரிந்திருந்தவர்கள் சொந்த விருப்பில் ஒன்றாக நின்றார்கள். ஒற்றுமையைப் பற்றி நாள்தோறும் மேடைகளில் கேட்டுச் சலித்துப்போன எமக்கு இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

இந்தக் கதையின் நடுநாயகமாக இருப்பவர் அஸ்பியோர்ன் ஹல்வோர்சன். 1898 இல் சார்ப்ஸ்போர்க் நகரில் பிறந்த இவர், 1921 இல் ஜேர்மனிக்குச் சென்று ஹம்பேர்க் கழகத்துக்காக ஆடினார். 1923, 1928 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கழகம் ஜேர்மன் சம்பியனானபோது அணியின் தூணாக விளங்கினார். நாடு திரும்பி நோர்வே உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் நாயகமானார். தேசிய அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. 1936 ஓகஸ்ட் 7 ஆம் திகதி பேர்லினில், ஹிட்லர் பார்வையாளராக அமர்ந்திருந்த ஆட்டத்தில், அவருடைய அணி ஜேர்மனியை 2-0 என்று தோற்கடித்தது. இரண்டு கோல்களையும் போட்டவர் மக்னார் இசாக்சன். அந்த அணி வெண்கலப் பதக்கத்துடன் ஊர் திரும்பியது.

ஜேர்மன் மொழியும் ஜேர்மன் உதைபந்தாட்டமும் நன்கறிந்த, ஹம்பேர்க் நகரம் கொண்டாடிய இந்த மனிதர் நினைத்திருந்தால் புதிய அமைப்பில் உயர்ந்த நாற்காலியொன்றைப் பெற்றிருக்க முடியும். அவரோ பகிஷ்கரிப்பின் பக்கம் நின்றார். 1942 ஓகஸ்டில் கைதுசெய்யப்பட்டு ஒஸ்லோவுக்கு அருகிலிருந்த கிரினி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து பிரான்சிலிருந்த நாட்ஸ்வைலர் வதைமுகாமுக்கும், வேறு முகாம்களுக்கும் மாற்றப்பட்டு, இறுதியில் நொயங்காம முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நொயங்காம இருப்பது ஹம்பேர்க்கின் புறநகரில். ஒரு காலத்தில் பல்லாயிரம் பேர் தன் பெயரைச் சொல்லி ஆரவாரித்த நகரத்தின் விளிம்பில், நோயுற்று உருக்குலைந்த கைதியாக அவர் கிடந்தார். 1945 ஏப்ரலில் ஸ்கண்டிநேவியக் கைதிகளை மீட்க வந்த 'வெள்ளை பஸ்கள்' அவரை அங்கிருந்து கொண்டுபோயின.

ஹம்பேர்க் அணியில் ஹல்வோர்சனுடன் தோளோடு தோள் நின்று அதே இரண்டு பட்டங்களையும் வென்ற முன்வரிசை வீரர் ஒட்டோ ஹார்டர். நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பில் சேர்ந்த இவர், அதே நொயங்காம முகாமில் காவலராகப் பணிபுரிந்து, பின்னர் அதன் கிளை முகாமொன்றின் பொறுப்பதிகாரியாக உயர்ந்தார். யுத்தத்தின் பின்னர், 1947 இல் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் அவருக்குப் பதினைந்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 1951 இலேயே விடுவிக்கப்பட்டார். விளையாட்டு மனிதனின் குணத்தைச் செப்பனிடும் என்று பரிசளிப்பு விழாக்களில் நானும் பேசியிருக்கிறேன். இந்த இருவரின் கதையை அறிந்தபின் அப்படிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

ஹல்வோர்சன் தனித்த உதாரணமல்லர். பேர்லினில் பதக்கம் வென்ற அணியைச் சேர்ந்த ரெய்டார் குவாமன் தொழிலால் பொலிஸ்காரர். விசுவாசப் பத்திரத்தில் கையொப்பமிட மறுத்தமைக்காக 1943 இல் கைதுசெய்யப்பட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1932, 1936 ஒலிம்பிக் போட்டிகளில் பனிச்சறுக்குப் பாய்ச்சலில் தங்கம் வென்ற பிர்கர் ரூட்டும் இரகசியப் போட்டிகளை ஒழுங்குசெய்தமைக்காகக் கிரினியில் அடைக்கப்பட்டார். ஆம், இரகசியப் போட்டிகள்! விளையாடுவதை அவர்கள் முற்றாக விட்டுவிடவில்லை. காடுகளுக்குள்ளும் ஒதுக்குப்புறமான வெளிகளிலும் காவலுக்கு ஆள் வைத்துவிட்டு ஆடினார்கள். அங்கே கிண்ணமில்லை, பதிவேடு இல்லை, மறுநாள் பத்திரிகையில் செய்தியும் இல்லை.

அனைவரும் உறுதியாக நின்றார்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. நியமிக்கப்பட்ட அமைப்பு நடத்திய போட்டிகளில் பங்குபற்றியவர்களும் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்கள்மீது தடைகள் விதிக்கப்பட்டன. நின்றவர்கள் இழந்ததும் சிறிதல்ல. ஓர் உதைபந்தாட்ட வீரனின் உச்ச வயது இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வரை என்று கொண்டால், 1940 இல் இருபத்திரண்டு வயதாக இருந்த இளைஞன் விடுதலை நாளில் இருபத்தேழை எட்டியிருந்தான். அவன் அடித்திருக்கக்கூடிய கோல்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. சிறைசென்றவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. சும்மா இருந்து தன் இளமையைக் கொடுத்தவனின் பெயர் எங்கும் இல்லை.

1945 இல் கிண்ணப் போட்டி மீண்டும் நடந்தது. கடைசியாக வென்ற பிரெட்ரிக்ஸ்ராட்டே மறுபடியும் இறுதியாட்டத்துக்கு வந்து ஒஸ்லோவின் லின் கழகத்தை எதிர்கொண்டது. முதலாட்டம் 1-1, மீள நடந்த ஆட்டமும் 1-1, மூன்றாவது ஆட்டத்தில் லின் 4-0 என்று வென்றது. ஐந்து வருடங்கள் காத்திருந்த மக்களுக்கு ஓர் இறுதியாட்டம் போதவில்லைப் போலும். முகாமிலிருந்து மீண்ட குவாமன் 1949 வரை நாட்டுக்காக ஆடி, மொத்தம் 51 சர்வதேசப் போட்டிகளை நிறைவுசெய்தார். ஹல்வோர்சன் மீண்டும் செயலாளர் நாயகமாகிப் போட்டிக் கட்டமைப்பைச் சீரமைக்க உழைத்தார். 1948-49 இல் புதிய முதற்பிரிவு லீக் ஆரம்பமானது; அதை வென்றதும் பிரெட்ரிக்ஸ்ராட்தான். முகாம்களில் கெட்டுப்போன உடல்நலம் ஹல்வோர்சனுக்கு முழுமையாகத் திரும்பவேயில்லை. 1955 ஜனவரியில், ஐம்பத்தாறாவது வயதில் அவர் காலமானார்.

ஆக்கிரமிப்புக்குள் வாழும் மக்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதற்குப் பொதுவான சூத்திரம் கிடையாது. 1940 ஒக்டோபரில் உல்லெவோலில் ஆடியவர்கள் கோழைகளுமல்லர். நவம்பரின் பின்னர் ஆட மறுத்தவர்கள் வேறு மனிதர்களுமல்லர். இரண்டு காலத்திலும் அவர்கள் அதே மனிதர்கள்தான். அந்நியப் படை தெருவில் நின்றபோதும் ஆடியவர்கள், தங்கள் கழகத்தின் தலைவரைத் தாங்களே தெரிவுசெய்யும் உரிமை பறிக்கப்பட்டபோது பந்தைக் கீழே வைத்தார்கள். அவர்கள் எல்லைக்கோட்டைக் கீறியது அந்த இடத்தில்.

ஒப்புநோக்குபவனாக நான் வட்டமிட நினைத்த அந்த வெற்றிடத்தை இப்போது அப்படியே விட்டுவிடுகிறேன். அங்கே திருத்துவதற்கு எதுவுமில்லை.