ஈயச் சிப்பாயும் புளியங்கொட்டையும்

போன ஆடி மாதம் என் மகள் பிரான்சிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். மூத்த பேரனுக்குப் பதினைந்து வயது முடிகிறது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கட்டைவிரலின் மேல்கணு உயரத்தில் ஆறு பொம்மைகள்: கோடாரி பிடித்த குள்ளன், கூம்புத் தொப்பி மந்திரவாதி, இன்னும் யார் யாரோ. வர்ணம்கூட அடித்திருக்கவில்லை, வாங்கியவரே அடித்துக்கொள்ள வேண்டுமாம். விலையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"இதுக்கா இவ்வளவு? ஆறு புளியங்கொட்டைய வெச்சு ஆடினா ஆகாதா?" என்று சொல்லிவிட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டிலும் பேச்சில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை மூன்று வாரம் வந்து போகிற பிள்ளை. செலவுச் சீட்டுகளுக்கு ஆட்சேபம் எழுதியே ஓய்வு பெற்ற கை எனக்கு. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மறுநாள் குற்ற உணர்ச்சியில், அந்த விளையாட்டு என்னதான் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, நான் கேட்ட கேள்வி இருநூறு ஆண்டுப் பழசு என்று தெரிந்தது.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன் என்று. "பாதாள அறைக் கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று கதை சொல்லி சொல்கிறார். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதைப் பகடை சொல்கிறது. பேச்சுதான் விளையாட்டு. ஆனால் சண்டை மூண்டால், யார் எங்கே நிற்கிறார், யாருக்குப் பின்னால் யார் என்பது தெரிந்தாக வேண்டும். அங்கேதான் பொம்மையா, வெறும் காயா என்ற கேள்வி வருகிறது. பிரெஞ்சில் ஃபிகுரின் என்றும் பியோன் என்றும் சொல்வோம்.

பியோன் என்றால் சதுரங்கச் சிப்பாய். எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் சத்தம் போட்டால் வந்து அதட்டும் கண்காணிப்பாளரையும் நாங்கள் ரகசியமாக பியோன் என்போம். அலுவலகத்தில் நம் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகும் பியூனும் அதே குடும்பத்துச் சொல்தான். எல்லாவற்றுக்கும் வேர் லத்தீனில் காலாள் என்று பொருள்படும் சொல். பியூன் வரவில்லையென்றால் அன்று அலுவலகம் நகராது என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கதை பிரஷ்யாவில் தொடங்குகிறது. ரைஸ்விட்ஸ் என்ற அரசு அதிகாரி 1812-இல் தன் மன்னருக்கு ஒரு மேஜை செய்து கொடுத்தார். மலை, ஆறு, சாலை எல்லாம் சிறு சிறு பலகைகளாக. அவற்றை இடம் மாற்றி அடுக்கிப் போர் ஆடலாம். பார்க்க அழகு, ஆனால் அரண்மனைக்கு மட்டும்தான் ஆகும். அவர் மகன் பீரங்கிப்படையில் லெப்டினன்ட். அவர் 1824-இல் அதையே மாற்றி எழுதினார். மேஜைக்குப் பதில் 1:8000 அளவில் வரைந்த நிலப்படம். படைகளுக்குப் பதில் சிவப்பும் நீலமுமாக வர்ணம் பூசிய சிறு கட்டிகள். முகமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டியின் நீளமும் அந்தப் படை உண்மையான களத்தில் அடைத்துக்கொள்ளும் அகலத்துக்குச் சரியாக இருக்கும். அழகான பொம்மை அங்கே பொய் சொல்லும். கட்டி பொய் சொல்லாது. பகடையும், இரு தரப்புக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் நடுவரும் அந்த ஆட்டத்திலேயே உண்டு. என் பேரனின் கதை சொல்லிக்குக் கொள்ளுத்தாத்தா அந்த நடுவர்தான் என்று எனக்குப் படுகிறது.

பொம்மை அதோடு ஒழிந்துவிடவில்லை. நியூரம்பர்க் நகரத்தில் தட்டையான தகரச் சிப்பாய்கள் வார்த்தார்கள். பிரான்சில் உருண்டு திரண்ட ஈயச் சிப்பாய்கள். வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு எபினால் ஊரில் அச்சான காகிதச் சிப்பாய்த் தாள்கள். கத்தரித்து அட்டையில் ஒட்டி நிறுத்த வேண்டியது. 1893-இல் லண்டனில் பிரிட்டன் என்ற குடும்பத்தார் உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஈயம் குறைந்தது, விலையும் இறங்கியது. அந்தச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, மரக்குச்சி சுடும் பொம்மைப் பீரங்கியால் அடித்து வீழ்த்துவதற்கு விதி எழுதி 1913-இல் புத்தகம் போட்டவர் எச்.ஜி.வெல்ஸ். அடுத்த ஆண்டே உலகப் போர் வந்துவிட்டது.

1950-களில் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் போர் விளையாட்டைப் பெட்டியில் போட்டு விற்றார். உள்ளே அச்சிட்ட படமும் அட்டைச் சதுரங்களும். சதுரத்தின் மேல் படையின் அடையாளமும் எண்களும். கோப்பு எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்; எங்கே இருக்கிறது, எவ்வளவு பெறும் என்று சொல்லும், உள்ளே இருப்பவனின் முகத்தைக் காட்டாது.

இனி வருபவர் கேரி கைகாக்ஸ். சிகாகோவில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1970-இல் வேலை போனது. ஜெனீவா ஏரி என்று பெயர் கொண்ட சிற்றூரில், வீட்டிலேயே செருப்புத் தைத்துப் பிழைத்தபடி விதிகள் எழுதினார். 1971-இல் அவரும் ஜெஃப் பெரனும் எழுதிய செயின்மெயில் என்ற விதிப்புத்தகம் இடைக்காலப் போர்களுக்கானது. அதில் ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம். தனிச் சண்டையில் மட்டும் ஒரு பொம்மை ஒரே ஆள். பின்னிணைப்பாக டிராகனும் மந்திரவாதியும் வந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு டேவ் ஆர்னெசன் மினசோட்டாவில் தன் நண்பர்களோடு ஆடியபோது, ஒரு பொம்மைக்குப் பின்னால் ஒரே மனிதன், அவனுக்கு ஒரு பெயர், ஒரு வாழ்க்கை என்று ஆட்டமே மாறிப்போனது. இருவரும் சேர்ந்து எழுதியது 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தது. முதல் அச்சு 1000 பிரதி.

என் கேள்விக்கு அந்த முதல் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. பொம்மைகள் கட்டாயமில்லை, கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். அட்டைக் காய்களும் போதும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அடுத்துப் படித்தது என்னை யோசிக்க வைத்தது. அன்று கடைகளில் வீரர் பொம்மைகள் ஏராளம், பூதங்கள்தான் அருமை. கைகாக்ஸ் மலிவுக் கடையில் ஒரு பை வாங்கினார். ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் பொம்மைகள், தொல்விலங்குகள் என்று போட்டு விற்றது. உள்ளே இருந்தவை எந்தத் தொல்விலங்கிலும் சேராத விநோதப் பிறவிகள். வார்த்தவர் என்ன நினைத்து வார்த்தாரோ. ஒன்றின் வாலில் விசிறி போல ஏதோ இருந்தது. அதற்குக் கதை வேண்டுமே? இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதம் என்று வைத்தார். இன்னொன்று ஆந்தைத் தலைக் கரடியானது. மற்றொன்று மண்ணுக்கடியில் நீந்திவரும் சுறா மாதிரியான ஒன்றானது. மூன்றும் ஐம்பது ஆண்டுகளாக அந்த விளையாட்டில் உயிரோடு இருக்கின்றன. பொம்மை முதலில் வந்தது, பூதம் பிறகு. புளியங்கொட்டையைப் பார்த்து யாரும் ஒரு பூதத்தைக் கற்பனை செய்திருக்க முடியாது.

விலைப் பிரச்சினை பிறகும் தீரவில்லை. 1980-இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் படம் அச்சிட்ட அட்டை வீரர்களை விற்றது, மடித்து நிறுத்தலாம். எபினால் தாளின் பேரப்பிள்ளை. ஈயம் நஞ்சு என்பதால் 1990-களில் பலரும் வெள்ளீயக் கலவைக்கு மாறினார்கள். 2003-இல் வர்ணம் பூசிய பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தன. பெட்டியைப் பிரிக்கும்வரை உள்ளே யார் என்று தெரியாது. இது எனக்குப் பிடிக்கவில்லை. லாட்டரிச் சீட்டு விற்கிற புத்தி அது.

இவ்வளவும் படித்தபின் பீரோவைத் திறந்தேன்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவரை நாங்கள் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் மகன் என் வகுப்பு. அவனிடம் ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்கள். என்னிடம் புளியங்கொட்டை. அவன் நெப்போலியன், நான் எப்போதும் ஆஸ்திரியா. ஒருநாள், "உன் படையில ஒருத்தனுக்காவது மூஞ்சி வேணாமாடா?" என்று சொல்லி ஒரு முரசுக்காரனைக் கொடுத்தான். அதற்குப் பிறகு நூறு கொட்டை செத்தாலும் நான் கவலைப்பட்டதில்லை; முரசுக்காரன் விழக்கூடாது, அவ்வளவுதான்.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், கப்பலேறினார்கள். முரசுக்காரனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள் என்றான். பிறகு கடிதமில்லை.

பேரனைக் கூப்பிட்டு அதைக் கையில் வைத்தேன். அளவுகோல் எடுத்து அளந்தான். 54 மில்லிமீட்டர். அவன் பொம்மைகளோ 28. கட்டம் ஓர் அங்குலம். அது விளையாட்டில் ஐந்தடிக்குச் சமமாம்.

"உங்காளு இந்தக் கட்டத்துக்கு ரொம்பப் பெருசு தாத்தா. நாலு கட்டம் வேணும். ராட்சசனா வெச்சுக்கலாம்."

"வெச்சுக்க. தொட்டா கைய கழுவு, ஈயம்."

பிறகு ஒரு யோசனை சொன்னான். அவனும் தம்பியும் பாட்டியும் நானும் ஆளுக்கொரு பொம்மை. எதிரிக் கூட்டம் பன்னிரண்டு பேருக்கும் புளியங்கொட்டை, மேலே வெள்ளை மையால் எண். எண் இல்லாவிட்டால் எந்தக் கொட்டைக்கு எத்தனை அடி விழுந்தது என்று நினைவிருக்காது என்றான். பதிவேடு வைத்தவன் நான், எனக்கா தெரியாது. பிறந்தநாள் பெட்டிக்கும் பணம் கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்குமுன் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்க வேண்டுமாம். "உங்க ராட்சசன் பேரு என்ன தாத்தா?" என்று பென்சிலோடு காத்திருந்தான். அறுபது ஆண்டாக நான் உரக்கச் சொல்லாத பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டான்.