தேய்மானமே சான்றாகும் சூதாட்டச் சில்லுகள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பின் ரீனோவிலும் லாஸ் வேகஸிலும் பெருகிய கேசினோக்கள், ரொக்கத்துக்கு ஈடாக மேசையில் புழங்கும் சில்லுகளில் தத்தம் பெயரைப் பொறித்துக்கொண்டன. சுமார் 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள இவை களிமண் சில்லுகள் எனப்பட்டாலும், களிமண்ணோடு வேறு பொருள்களும் கலந்து சூட்டிலும் அழுத்தத்திலும் வார்க்கப்பட்டவை. இவற்றைச் சேகரிப்போருக்கென அமெரிக்காவில் 1988-இல் ஒரு சங்கம் அமைந்தது. அரிய சில்லுகளின் விலை ஏற ஏறப் போலிகளும் புகுந்தன.

உண்மை காணும் முயற்சி சில்லின் ஓரத்தில் தொடங்குகிறது. அங்கே சுற்றிலும் பதிந்திருக்கும் சிற்றுருவங்கள் வார்ப்பு அச்சுக்கு உரியவை. தொப்பியும் கைத்தடியும் பால்சன் நிறுவனத்தையும், சாவி லாஸ் ஏஞ்சலிஸின் டி.ஆர். கிங் நிறுவனத்தையும் சுட்டும். பால்சன் 1963-இல்தான் நிறுவப்பட்டது என்பதால், அதற்கு முன்பே மூடப்பட்ட விடுதியின் பெயரைத் தொப்பியும் கைத்தடியும் உள்ள சில்லில் கண்டால் ஐயத்துக்கே இடமில்லை. ஆயினும் அச்சு மட்டும் போதாது. பெயரில்லாத பழைய சில்லு ஒன்றைத் தேடிப்பிடித்து, சூடேற்றிய உலோக முத்திரையால் பொன்னிறத் தாளை அழுத்திப் பெயர் பதிப்பது கடினமன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்தச் சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும்: சுற்றியுள்ள பரப்பின் நுண்கோடுகள் மழுங்கியிருக்க, எழுத்து மட்டும் கூர்மை குன்றாமல் பளபளக்கும். நடுவே காகித வட்டம் பதித்த சில்லுகளுக்குப் புறஊதா விளக்கு உதவுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய வெண்மையூட்டிகள் கலந்த காகிதம் அவ்வொளியில் நீலமாக ஒளிரும், அதற்கு முந்தைய காகிதம் ஒளிராது.

சட்டத்துக்குப் புறம்பாக நடந்த மன்றங்கள் முகவரியை மறைத்து இரண்டு மூன்று எழுத்துகளை மட்டுமே பொறித்ததால், அவற்றின் சில்லுகளை அடையாளம் காண உற்பத்தியாளர்களின் பழைய ஆர்டர் அட்டைகளே துணை. யார், எந்த நிறத்தில், எந்த முகவரிக்கு வாங்கினர் என்று குறித்த அந்த அட்டைகளைப் பாதுகாத்ததே இத்துறைக்குக் கிடைத்த மிகப்பெரிய கொடை எனலாம்.

புதியது, சற்றுப் பயன்பட்டது, நடுத்தரம், மிகவும் தேய்ந்தது எனப் போகும் தரவரிசை நாணயச் சேகரிப்பின் வழக்கத்தை ஒட்டியது. விளிம்பின் கூர்மையையும் நிறத்தின் செழுமையையும் கண்டு தரம் குறிப்பதால், மங்கியதை எண்ணெய் தடவி மினுக்குவோரும் உண்டு. ஆனால் ஒரே சீராக வந்த தேய்மானம் மேசையில் புழங்கியதற்கான சான்று; அதைக் குறையாக மட்டும் மதிப்பிடுவது பொருத்தமன்று.

கைவிடப்படும் சில்லுகளைக் கெடு வைத்துத் திரும்பப் பெற்று அழிக்கவேண்டும் என்று நெவாடா விதிக்கிறது. எனவே ஒரு சில்லு எவ்வாறு தப்பியது என்ற கேள்வியும் ஆய்வில் சேர்கிறது. பழைய சில்லுகளைக் கான்கிரீட்டில் புதைத்த விடுதிகளும் இருந்தன. பிற்பாடு தோண்டி எடுக்கப்பட்டவற்றில் ஒட்டியிருக்கும் சிமெண்டைச் சுரண்டி எடுத்தால் தரம் உயரலாம், வரலாறு போய்விடும்.