காலடியில் கிடந்த கல்நார்

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் நினைவுக்கு வருவது கூரை ஷீட்தான். கோடையில் வீட்டையே அடுப்பாக்கும் அதே ஷீட். ஆனால் அமெரிக்காவில் அது காலுக்குக் கீழேயும் இருந்தது. பழைய வீடுகள் பலவற்றின் தரை டைல்ஸில் இன்றும் இருக்கிறது. ஒரு தரையைப் பார்த்து அதில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்று சொல்ல முடியுமா? பாதி பதில் வரலாற்றில் இருக்கிறது. மீதி பதில் நுண்ணோக்கியில்!

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர்தான். பாறையிலிருந்து நார் நாராகப் பிரியும் கனிமம் அது. தீப்பிடிக்காது, உறுதியானது. நீளமான நாரை நூலாக்கித் துணி நெய்தார்கள். குட்டை நாரை நூற்க முடியாது, அதனால் அதற்கு விலை குறைவு. டைல்ஸ் செய்தவர்களுக்கு அந்த மலிவான நாரே போதுமானதாக இருந்தது.

1920களில் அஸ்பால்ட் டைல்ஸ் வந்தது. தார் போன்ற பொருளோடு சுண்ணாம்புக்கல் தூளும் கல்நாரும் சேர்த்துச் செய்தது. பெரும்பாலும் கறுப்பு அல்லது பழுப்பு நிறம். எண்ணெய் பட்டால் இளகிவிடும். இந்தக் குறைக்கு மாற்றாக 1933ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் ஆஸ்பெஸ்டாஸ் டைல்ஸ் காட்டப்பட்டது. எண்ணெய்க்கு அசையாது, வெளிர் நிறங்களிலும் கிடைக்கும்.

இதில் ஒரு வேதனை உண்டு. கல்நார் ஆலைகளின் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று மெரிவெதர், பிரைஸ் என்ற இருவர் பிரிட்டனில் அறிக்கை கொடுத்தது 1930ல். கண்காட்சிக்கு மூன்று ஆண்டுகள் முன்பே!

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீடுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 1947 முதல் 1951 வரை 17,000க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் அஸ்பால்ட் டைல்ஸ் ஒட்டினார்கள். வேகமான வேலை, குறைந்த செலவு. அடுத்த ஆண்டுகளில் நாடு முழுவதும் வினைல் ஆஸ்பெஸ்டாஸ் டைல்ஸ் பரவியது. 1980களில்தான் இவற்றின் தயாரிப்பு நின்றது.

எனவே முதல் துப்பு வீட்டின் வயது. இரண்டாவது, அளவு. பழைய டைல்ஸ் பெரும்பாலும் 9 அங்குலச் சதுரம். மூன்றாவது, டைல்ஸுக்கு அடியில் இருக்கும் தார் போன்ற கறுப்புப் பசை. அந்தப் பசையிலேயே கல்நார் இருக்கலாம். விரிப்பாக வந்த வினைல் தரையில், அடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தாள் போன்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். அது எளிதில் உதிர்ந்துவிடும்.

ஆனால் இவை எல்லாம் சந்தேகப்பட மட்டுமே உதவும். 12 அங்குல டைல்ஸிலும் கல்நார் இருந்தது. 9 அங்குல டைல்ஸ் சிலவற்றில் இல்லாமலும் இருக்கலாம். ஒரு துண்டை ஆய்வகத்தில் சோதித்தால்தான் உறுதி. டைல்ஸில் உள்ள நார் மிகவும் சிறியது. சாதாரணச் சோதனையில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் "இல்லை" என்று முடிவு வந்தாலும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மறுபடி பார்ப்பது உண்டு.

இவ்வளவு அக்கறை ஏன்? உடையாத டைல்ஸுக்குள் நார் இறுகிப் பிடிபட்டிருக்கும். அதன்மேல் நடப்பதால் ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து தொடங்குவது வீட்டைப் புதுப்பிக்கும் நாளில். தெரியாமல் இயந்திரம் வைத்துத் தேய்த்தால், சுரண்டினால், உடைத்தால் நார் காற்றில் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, இருமலும் வராது. புற்றுநோய் தலைகாட்ட 20, 30 ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் நல்ல நிலையில் உள்ள தரையைத் தொடாமல், மேலே வேறு தரை போட்டு மூடச் சொல்கிறார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பயிற்சி பெற்றவர்களை அழைக்க வேண்டும்.

2024 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நாருக்குத் தடை விதித்தது. டைல்ஸில் அதிகம் சேர்த்தது இந்த வகையைத்தான். ஆனால் ஏற்கெனவே ஒட்டிய தரையைச் சட்டம் பெயர்த்து எடுக்காது. மலிவு என்று தாத்தா காலத்தில் வாங்கிய டைல்ஸுக்கு, சோதனைக் கட்டணமும் அகற்றும் கூலியும் பேரன் கொடுக்கிறான். சோதிக்காமல் உடைத்தவன் கொடுக்கும் விலையோ அதைவிடப் பெரியது.